சராசரி

காலை ஆறேகாலுக்கு
ஈரத்துணியால் நேற்றைத் துடைக்கிறேன்.
முழுதாய்ப் போவதில்லை.
எட்டின் கீழ்வயிறு மட்டும் எப்போதும் கொஞ்சம் மிஞ்சும்.
உப்பூர்க் காத்து அப்படி என்கிறார் வாட்ச்மேன்.
சாக்பீஸ் மட்டம் என்கிறேன் நான்.

முண்டு வத்தல்: குறைந்தது, அதிகம், சராசரி.
சண்டு வத்தல்.
பருத்தி, வரத்து இல்லை.
கருப்பட்டி, கிலோவுக்கு.
வெள்ளாட்டுக் கிடாய், உயிரெடை.
வேலைக்குச் சேர்ந்த புதிதில்
இந்தக் கடைசிச் சொல்லில் கை நின்றுவிடும்.
இப்போது நிற்பதில்லை.

குண்டூரில் நேற்று எத்தனை லாரி இறங்கியது என்று
விருதுநகருக்கு ஆறு மணிக்கே தெரியும்.
எனக்கு ஆறே முக்காலுக்கு.
சாத்தையாவுக்கு எட்டரைக்கு,
பதினோரு சாக்கை மினிடோரில் ஏற்றி
திருப்பாலைக்குடி தாண்டி
என் பலகைக்கு முன்னால் வந்து நின்ற பிறகு.
திரும்பிப் போனாலும் அதே வாடகை.

எல்லோரையும் போல அவரும்
'அதிகம்' என்ற கட்டத்தைத்தான் முதலில் பார்க்கிறார்.
அந்த விலை நிஜம்தான்.
போன வியாழன் ஒரே ஒரு சாக்குக்குக் கிடைத்தது.
ஏலக்காரரின் மச்சான் சாக்கு.

சேகு நைனா வருகிறார்.
சட்டைக் கையை மடக்கி, முழங்கை வரை உள்ளே விட்டு
ஒரு பிடி அள்ளிக் காதோரம் குலுக்குகிறார்.
காய்ந்த முண்டு என்றால் விதை பேச வேண்டும்.
"பேசலையேப்பா."
"ராத்திரி கொண்டலுங்க. படுதா போட்டும் ஈரம் எறங்கிருச்சு."
"நான் என்ன செய்ய, கடல்கிட்ட கேளு."

அள்ளிய பிடி சாக்குக்குத் திரும்புவதில்லை.
மாதிரி.
அடுத்து வருபவருக்கு அவருடைய மாதிரி.
ஏழு வியாபாரி, பதினோரு சாக்கு.
பலகையின் பின்பக்கம் பெருக்கிப் பார்த்தேன்:
எழுபத்தேழு பிடி.
பிடி நூறு கிராம் என்று வைத்தால்
ஏழே முக்கால் கிலோ, சற்றுக் குறைய.
எடை போடும் முன்பே போய்விடுகிற எடை.
அதற்கு முன்பக்கத்தில் கட்டம் இல்லை.

மணி மூன்று.
சராசரிக்கு நானூறு கீழே கொடுத்துவிட்டு
சாத்தையா டீக்கடைக்குப் போகிறார்.
அவர் கொடுத்ததால்
சராசரியும் கொஞ்சம் இறங்கி உட்கார்கிறது.
நாளை வேறொருவர் அதைப் பார்த்து இறங்குவார்.
எழுதுவது நான்.
என் கையெழுத்து அழகு என்று
மேற்பார்வையாளர் இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

பிறகுதான் இருளாயி வருவாள், துடைப்பத்தோடு.
மாதிரிகள் கடைசியில் தரைக்குத்தான் வரும்.
தரையில் கிடப்பது அவளுக்கு,
இது யாரும் எழுதிவைக்காத பேச்சு.
புடைத்து, காம்பு கிள்ளி, மண் போக்கி
மோர்ப்பண்ணைக்குக் கொண்டுபோவாள்.
படி வத்தலுக்கு இரண்டு கூறு சூடைக் கருவாடு.
தடைக்காலம் வந்தால் ஒரு கூறு.
போட்டு கரையில் கிடந்தால்
வலைக்காரன் வீட்டுக் குழம்பில் காரமும் குறையும்,
அது எனக்கு அவள் சொன்ன சந்தை நிலவரம்.

"எம் வெலையையும் ஒரு ஓரத்துல போடேன் தாயி."
ஒரு வருஷமாகக் கேட்கிறாள்.
நான் சிரித்து வைப்பேன்.

இன்று போட்டேன்.
கிடாய்க்குக் கீழே, சட்டத்தை ஒட்டி,
இடம் போதாமல் எழுத்தைச் சிறுத்து:
கூட்டிய வத்தல், படிக்கு, சூடை ஒரு கூறு.

"எது என்னுது?"
விரலை வைத்துக் காட்டினேன்.
எழுத்துத் தெரியாதவள், வெகுநேரம் பார்த்தாள்.
"இது கொறஞ்சதா, கூடுனதா?"
ஒன்றுதான் போட்டிருக்கிறேன் என்றேன்.
"அப்ப நாளைக்கு
ரெண்டரைன்னு போடு" என்றாள்.
வத்தல் தூசியில் தும்மினாள், அடுக்கடுக்காய் மூன்று தரம்.
மூக்கைத் துடைத்துக்கொண்டு
"மூணுன்னே போடு."